உறக்கத்தில் வாய்நீர் ஒழுகுவதேன்?

காலையில் பள்ளிக்கு வரும் சிறுவன் ஒருவனுடைய கன்னத்தில், கடைவாயிலிருந்து காது நோக்கி வெள்ளைக் கோடு ஒன்று காய்ந்து கிடக்கின்றது. அருகில் அமர்ந்திருப்பவன் அதைக் கண்டு நகைக்கின்றான். நண்பகல் மணி அடிப்பதற்குள் அச்சிறுவனுக்கு ஒரு பட்டப்பெயர் ஏற்பட்டுவிடுகின்றது. வீட்டிலோ, "வயிற்றில் பூச்சி இருக்கின்றது" என்று பாட்டி தீர்ப்புக் கூறுகின்றாள். பேதி மருந்து வருகின்றது. விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளையானால் துன்பம் இன்னும் மிகுதி. பெரியவர்களுக்கும் இது நேர்வதுண்டு. அவர்கள் தலையணையைத் திருப்பிப் போட்டு மறைத்துவிடுகின்றனர். சிறுவனுக்கு அந்தச் சூழ்ச்சி தெரிவதில்லை.

இந்நிகழ்ச்சி மிகச் சிறியது. ஆயினும் இதற்குரிய காரணத்தைத் தெளிவதற்கு மனித அறிவு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. நடந்த வழியில் பெரும் பிழைகள் நேர்ந்தன. அப்பிழைகளால் பல்லையும் உயிரையும் இழந்தோர் பலர். ஆதலின் இவ்வரலாறு நகைப்புக்குரியதன்று. ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டுவதொன்றாகும்.

தமிழ்ச் சொற்கள் உணர்த்துவன

வாயில் சுரக்கும் நீருக்குத் தமிழில் பெயர்கள் பல. 'எச்சில்' என்பது எச்சம் என்பதனோடு உறவுடைய சொல். எஞ்சியது, உண்டு மிகுந்தது என்பது அதன் அடிப்பொருள். வாய்பட்டது தீண்டத்தகாதது என்னும் வழக்கம் அச்சொல்லுக்கு ஓர் இழிவுக் குறிப்பையும் சேர்த்துவிட்டது. 'உமிழ்நீர்' என்பது வெளியே துப்பப்படுவதை நோக்கி எழுந்த பெயர். 'வாய்நீர்' இவ்விரண்டினும் நடுநிலையானது. திருவள்ளுவரோ காதற்சிறப்புரைத்தல் என்னும் அதிகாரத்தின் முதற் குறளில், இதே நீரை இனிமைக்கு எல்லையாக வைத்துப் பாடினார். ஒரே பொருள் ஓரிடத்தில் அமுதாகவும் ஓரிடத்தில் இழிவாகவும் கருதப்படுவது கவனிக்கத்தக்கது.

பெயர்களைவிட வினைச் சொற்களே இங்குப் பெரிதும் பயன்படுவன. புளியங்காயைக் கண்டால் வாய் 'ஊறுகின்றது' என்பர். உறங்கும் குழந்தையின் வாய் 'ஒழுகுகின்றது', 'வழிகின்றது' என்பர். இவ்விரண்டையும் ஒருவரும் மாற்றி வழங்குவதில்லை. ஊறுதல் ஊற்றின் தொழில். வழிதல் கலத்தின் நிலை. கேணியில் நீர் மிகுதியாக ஊறினாலும் இறைப்பு ஒழுங்காக நடந்தால் வழியாது. ஊற்று மெலிந்திருந்தாலும் இறைப்பு நின்றுவிட்டால் கேணி நிரம்பும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும். மேனாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் ஊறுதலையே ஆராய்ந்தனர். வழிதலை அவர்கள் அளந்தது மிகவும் பிற்காலத்தில்தான்.

மூளையிலிருந்து இறங்கிய மழை

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், மூளையைக் குளிர்ந்த உறுப்பு என்று கருதினார். உண்ட உணவிலிருந்து எழும் ஆவி தலைக்கேறுகின்றது. குளிர்ந்த மூளையை அடைந்து நீராகிக் கீழிறங்குகின்றது. நிலத்திலிருந்து எழும் ஆவி வானில் குளிர்ந்து மழையாவது போன்றதே இதுவும் என்பது அவர் தந்த விளக்கம். உணவுக்குப்பின் உறக்கம் வருவதற்கும் அவர் இவ்வாவியையே காரணமாகக் கூறினார். உறக்கமும் சளியும் ஒரே மூளையில், ஒரே ஆவியால் பிறந்தன என்றாயிற்று.

கிரேக்க மருத்துவம் உடலில் நால்வகை நீர்மங்கள் உண்டென்று கொண்டது. குருதி, மஞ்சட் பித்தம், கரும்பித்தம், கோழை என்பன அவை. இவற்றுள் கோழை குளிர்ச்சியும் ஈரமும் உடையது; அதன் இருப்பிடம் மூளை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவரின் நூல்கள் இக்கொள்கையை ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் பன்னூறு ஆண்டுகள் நிலைநிறுத்தின. மூக்கில் வடிவதும் வாயில் நிறைவதும் மூளையின் கழிவே என்று கற்றோர் நம்பினர். இந்நம்பிக்கையின்படி நோக்கினால், தலை சாய்த்து உறங்குபவன் வாயில் நீர் ஒழுகுவதற்குத் தனியே காரணம் தேடவேண்டிய தேவையே இல்லை. மேலே நிரம்பிய கலம் சாய்ந்தது, கீழே வழிந்தது.

அந்நம்பிக்கையின் சுவடு இன்றும் அறிவியற் பாடநூலில் இருக்கின்றது. மூளையின் அடியில் தொங்கும் சிறு சுரப்பிக்குப் பிட்யூட்டரி என்று பெயர். கோழை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1543-ஆம் ஆண்டில் மனித உடலமைப்பைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட வெசாலியஸ்கூட அச்சுரப்பி மூளையின் கோழையை வாங்கிக் கீழே விடுவது என்றே எழுதினார். கொள்கை மறைந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பாதரசம் செய்த கொடுமை

பிழையான கொள்கை ஏட்டில் மட்டும் இருந்தால் தீங்கு சிறிது. அது மருந்தாக வெளிப்படும்போதுதான் அதன் கொடுமை தெரியும். வாய்நீர் உடலின் கெட்ட நீர்மம் என்றால், அதனை மிகுதியாக வெளியேற்றுவது நன்மை தரவேண்டும் அன்றோ? இந்த எண்ணம் ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டு முதல் ஒரு பெரும் சிகிச்சை முறைக்குத் துணைநின்றது.

தமிழில் பறங்கிப்புண் என்று வழங்கப்பட்ட மேகநோய் அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் பரவியது. நோயாளியின் உடலில் பாதரசக் களிம்பைத் தேய்த்து, வெப்பமான அறையில் அடைத்து வைத்தனர். சிலருக்குப் பாதரசப் புகையும் ஊட்டினர். சில நாட்களில் வாயிலிருந்து நீர் ஓயாது ஒழுகத் தொடங்கும். அதனைக் கலத்தில் பிடித்து அளந்தனர். அளவு மிக மிக நோய் நீங்குகின்றது என்று மருத்துவர் மகிழ்ந்தனர். நோயாளியின் ஈறு வீங்கியது, வாய் புண்ணாயிற்று, பற்கள் உதிர்ந்தன. ஒழுகிய நீர் நோய் வெளியேறும் அடையாளமன்று. பாதரசம் உடலை நஞ்சூட்டியதன் அடையாளம் என்பது இன்று தெளிவு.

இவ்வழக்கம் ஒரு நோயோடும் ஒரு நூற்றாண்டோடும் நிற்கவில்லை. 1793-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மஞ்சட் காய்ச்சல் பரவியபோது, அந்நாட்டு விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டவருள் ஒருவரும் புகழ்பெற்ற மருத்துவருமான பெஞ்சமின் ரஷ், பாதரச உப்பாகிய கலோமலைப் பெருமளவில் கொடுத்தார். நோயாளியின் வாயில் நீர் பெருகுவதை நற்குறியாகவே அவரும் கொண்டார். அவர் நெஞ்சில் வஞ்சமில்லை. நகரத்தை விட்டு ஓடாமல் நோயாளிகளுக்கிடையே நின்றவர் அவர். நல்ல நெஞ்சும் பிழையான காரணமும் கூடினால் என்ன விளையும் என்பதற்கு இது சான்று.

ஓர் ஆட்டுத்தலை

வாய்நீர் எங்கிருந்து வருகின்றது என்னும் கேள்விக்கு உண்மையான விடை 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைத்தது. 1656-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன், உடலின் சுரப்பிகளைப் பற்றித் தனி நூல் ஒன்று வெளியிட்டார். கீழ்த்தாடையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து நாவின் அடிப்புறத்துக்கு வரும் குழாயை அதில் விளக்கினார். அக்குழாய் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. கோபன்ஹேகன் நகரப் பொற்கொல்லர் ஒருவரின் மகனான நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் மாணவர், 1660-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமுக்குக் கல்வி கற்க வந்தார். வயது 22. பிளேசியஸ் என்னும் ஆசிரியர் வீட்டில் தங்கினார். ஏப்ரல் மாதத்தில் ஓர் ஆட்டுத்தலையை வாங்கித் தனியே அமர்ந்து அறுத்து ஆராய்ந்தார். அவர் காண விரும்பியது மூளையை. அதற்குமுன் தலையின் நாளங்களைப் பார்க்கலாமென்று ஒரு மெல்லிய கம்பியை நுழைத்தார். கம்பியின் முனை குறுகிய வழியில் சென்று, திடீரென ஒரு வெளியை அடைந்து தடையின்றி அசைந்தது. அடுத்த கணம் பல்லில் தட்டியது. காதருகே உள்ள பெரிய சுரப்பியிலிருந்து கன்னத்தைத் துளைத்து வாய்க்குள் வரும் குழாய் இவ்வாறு வெளிப்பட்டது.

மாணவர் ஓடிச்சென்று ஆசிரியரிடம் கூறினார். ஆசிரியர் முதலில் நம்பவில்லை. கம்பி சதையைக் கிழித்திருக்கும், அல்லது அந்த ஆட்டின் தலை இயல்புக்கு மாறானதாயிருக்கும் என்றார். பின்னர் அவரே அக்கண்டுபிடிப்பைத் தமதென்று உரிமை பாராட்டினார்! லெய்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்ட ஸ்டென்சன், 1661-இல் வாயின் சுரப்பிகளைப் பற்றி ஆய்வுரை நிகழ்த்தித் தம் உரிமையை நிலைநாட்டினார். வாய்நீர் மூளையிலிருந்து வருவதன்று, குருதியிலிருந்து சுரப்பிகளால் பிரிக்கப்படுவது என்று விளக்கினார். மாணவர் கூறும் புதுமையை ஆசிரியர் எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு பாடம்.

அதே 1660-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரப் பேராசிரியர் கான்ராட் ஷ்னைடர், மூளைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள எலும்பின் வழியே கோழை இறங்க இயலாது என்று நிறுவினார். மூக்கில் வடியும் சளியை மூக்கின் உட்சவ்வே உண்டாக்குகின்றது என்றார். அரிஸ்டாட்டில் கண்ட மழை இவ்வாறு ஓய்ந்தது. மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகளும், உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றில் பரவிய சிறு சுரப்பிகளும் வாய்நீரின் ஊற்றுகள் என்பது பின்னர் முழுமையாகத் தெளிந்தது.

ஆனால், இதன்பின்னும் பாதரசச் சிகிச்சை நிற்கவில்லை என்பதை மேலே கண்ட 1793-ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டுகின்றது. அறுவைக் கூடத்தில் இறந்துபோன கொள்கை நோயாளியின் படுக்கையருகே மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது.

நரம்பின் ஆணை

ஊற்று எதுவென்று தெரிந்தபின், அதைத் திறப்பது எது என்ற வினா எழுந்தது. 1850-ஆம் ஆண்டையொட்டி, சூரிச் நகரில் பணியாற்றிய கார்ல் லுத்விக், சுரப்பிக்குச் செல்லும் நரம்பைத் தூண்டினால் வாய்நீர் பாய்வதைக் காட்டினார். சுரப்பிக் குழாயில் நீரின் அழுத்தம், கழுத்துத் தமனியிலுள்ள குருதியின் அழுத்தத்தையும் விஞ்சக் கண்டார். குருதி தன் அழுத்தத்தால் வடிகட்டப்படுவது மட்டும் இதற்குக் காரணமாயின் அவ்வாறு நேராது. சுரத்தல் என்பது சுரப்பி தானே செய்யும் தொழில்; அத்தொழிலுக்கு ஆணையிடுவது நரம்பு.

1872-இல் ஹைடன்ஹைன் என்னும் ஜெர்மானிய அறிஞர், அட்ரோபின் என்னும் மருந்து அந்த ஆணையைச் சுரப்பியில் தடுத்துவிடுவதைக் கண்டறிந்தார். ஊமத்தையில் உள்ள நஞ்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஊமத்தங்காய் தின்றவனுக்கு வாய் வறண்டு, கண்மணி விரிந்து, மதி மயங்குவது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முன்பே தெரிந்த செய்தி.

பின்னர் இரஷ்ய நாட்டின் பாவ்லோவ் வந்தார். செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். நாயின் சுரப்பிக் குழாயின் வாயைக் கன்னத்தின் வெளிப்புறத்தில் பொருத்தி, வடியும் துளிகளை எண்ணினார். உணவுக்கு முன் ஓர் ஒலியைப் பன்முறை கேட்கச் செய்தால், பின்னர் ஒலி மட்டுமே வாயை ஊறச் செய்தது. இது ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிந்த செய்தி. அறியாத பகுதி ஒன்றுண்டு. அமைதியான அறையில், ஒரே வகைத் தூண்டுதலைத் திரும்பத் திரும்பத் தந்தபோது, நாய்கள் நின்றவாறே உறங்கிப் போயின; பழக்கத்தால் ஏற்பட்ட வாயூறலும் நின்றது. இத்தொல்லையையே பாவ்லோவ் ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். உறக்கம் என்பது மூளையின் மேற்பரப்பில் பரவும் ஒருவகைத் தடுப்பு என்றார். அக்கொள்கை முழுவதையும் இக்கால அறிவியல் ஏற்பதில்லை. எனினும் உறக்கம் வந்தால் ஊறுதல் பெருகுவதில்லை என்னும் குறிப்பு அந்நாய்களிடமே கிடைத்துவிட்டது.

உறங்குவோரை அளந்தபோது

காதருகுச் சுரப்பியின் நீரைத் தனியே பிடிப்பதற்கு, கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு கிண்ணம் ஒன்று 1910-இல் உருவாயிற்று. ஆயினும் உறங்கும் மனிதனை அளப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1956-இல் அமெரிக்காவில் ஷ்னையரும் அவர்தம் துணைவரும் உறக்கத்தில் வாய்நீர்ப் பெருக்கை அளந்து வெளியிட்டனர். காதருகுச் சுரப்பி உறக்கத்தில் ஏறத்தாழ முற்றும் நின்றுவிடுகின்றது. ஏனைய பெருஞ்சுரப்பிகளும் மிகக் குறைவாகவே சுரக்கின்றன என்பது அவர்கள் முடிவு. 1972-இல் கனடா நாட்டு அறிஞர் டாவ்ஸ், வாய்நீர்ப் பெருக்கு நாள்தோறும் ஏறியிறங்கும் ஒழுங்குடையது என்று காட்டினார். பிற்பகலில் அது மிகும். உறக்கத்தில் மிகவும் தாழும். விழித்துச் சும்மா இருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 மில்லிலிட்டர் ஊறுகின்றது. ஆழ்ந்து உறங்குங்கால் அது பூச்சியத்தை நெருங்குகின்றது.

இங்கேதான் வியப்பு. ஊற்று ஏறத்தாழ வற்றிய வேளையில் வாய் ஏன் வழிகின்றது?

இதற்கு விடை விழுங்குதலில் இருக்கின்றது. 1965-இல் லியர் முதலிய ஆராய்ச்சியாளர்கள், மனிதர் ஒரு நாளில் எத்தனை முறை விழுங்குகின்றனர் என்று எண்ணினர். சராசரி ஏறத்தாழ 585 முறை. ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. விழித்திருக்கும் வேளைக்குப் பகிர்ந்து பார்த்தால், ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை விழுங்குதல் நிகழ்கின்றது. ஒருவரும் அதை உணர்வதில்லை. உறக்கத்திலோ இருபது நிமிடமும் அதற்கு மேலும் ஒரு முறைகூட விழுங்காத இடைவெளிகள் காணப்பட்டன. 1975-இல் லிக்டர், மியூர் என்னும் இருவர், உறங்குவோரின் மூளை அலைகளையும் விழுங்குதலையும் ஒருங்கே பதிவு செய்து இதனை உறுதிப்படுத்தினர். புரண்டு படுத்தல் போன்ற அசைவும் கணநேர விழிப்பும் நேரும் தறுவாயில்தான் உறங்குபவன் பெரும்பாலும் விழுங்குகின்றான்.

இதனோடு தசைத் தளர்ச்சியும் சேர்கின்றது. 1953-இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர், மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் ஓர் உறக்க நிலையைக் கண்டறிந்தனர். கனவுகள் மிகுதியாக நிகழ்வது அந்நிலையில். 1959-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ழுவே என்பவர், அந்நிலையில் பூனைகளின் கழுத்துத் தசைகள் முற்றும் தளர்ந்துவிடுவதைக் காட்டினார். மனிதரிடத்தும் தாடையைத் தாங்கும் தசைகள் உறக்கத்தில் தளர்கின்றன, தாடை சற்றே இறங்குகின்றது, உதடுகள் பிரிகின்றன.

வாயை ஒரு குளமாகக் கொண்டால் இவை யாவும் தெளிவாகும். சுரப்பிகள் ஊற்று, விழுங்குதல் மடை, உதடுகள் கரை. பகலில் ஊற்றும் மிகுதி, மடையும் அடிக்கடி திறக்கின்றது, கரையும் உறுதி. ஆதலின் ஒரு சொட்டும் வெளிவருவதில்லை. இரவில் ஊற்று மெலிகின்றது, ஆனால் மடை நெடுநேரம் மூடிக் கிடக்கின்றது, கரையும் தளர்ந்துவிடுகின்றது. மல்லாந்து படுத்தவனுக்கு நீர் தொண்டைப் பக்கம் சேர்ந்து விழுங்கத் தூண்டும். ஒருக்களித்தோ குப்புறவோ படுத்தவனுக்கு அது தாழ்ந்த கடைவாயை நாடிச் சென்று வழியும். மூக்கடைத்தவன் வாயால் மூச்சு விடுவதால் கரை திறந்தே இருக்கும். வழிந்தது ஊற்றின் பெருக்கன்று, மடையின் அடைப்பு.

ஜேம்ஸ் பார்க்கின்சன் கண்டது

இவ்வுண்மையைக் கருவியின்றிக் கண்ணாலேயே கண்ட ஒருவர் முன்பே இருந்தார். 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆறு நோயாளிகளைக் கொண்டு அந்நோயை விளக்கினார். அவர்களுள் சிலர் தெருவில் எதிர்ப்பட்டவர்களே. நோய் முற்றியபோது வாய்நீர் ஓயாமல் ஒழுகுவதை அவர் குறித்தார். அதற்குக் காரணம் நீர் மிகுதியாகச் சுரப்பது என்று அவர் எழுதவில்லை. அந்நீர் தொண்டையின் பின்புறத்துக்குச் செலுத்தப்படாமையே காரணம் என்று எழுதினார்.

பிற்காலத்தார் பலர் இக்கூரிய நோக்கைப் பின்பற்றவில்லை. ஒழுகுகின்றதே, ஆகவே மிகுதியாகச் சுரக்கின்றது என்றே எண்ணினர். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னும் செய்யப்பட்ட அளவீடுகள், அந்நோயாளிகளுக்கு வாய்நீர் இயல்பான அளவிலோ அதனினும் குறைவாகவோதான் சுரக்கின்றது என்று காட்டின. விழுங்குவதுதான் அரிதாகியிருந்தது. இவ்வேறுபாடு வெறும் ஏட்டறிவன்று. ஊற்றை வற்றச் செய்யும் மருந்துகள் முதியோருக்கு மலச்சிக்கலையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும். விழுங்கும் பயிற்சியோ அவ்வித ஊறு செய்யாது. ஊற்றைக் குறைப்பது தேவைப்படும் நோயாளிகளும் உண்டு. ஆயினும் முதலில் மடையைப் பார்ப்பது அறிவுடைமை.

வாய் திறந்து உறங்கும் மாணவன்

ஆசிரியர் சிறப்பாக அறியவேண்டிய பெயர் மற்றொன்றுண்டு. கோபன்ஹேகன் நகர மருத்துவர் வில்ஹெல்ம் மேயர், 1868-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூக்கின் பின்புறத்தில், அண்ணத்துக்கு மேலே, சதை வளர்ந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்வதை அதில் விளக்கினார். அடினாய்டு எனப்படும் அச்சதை வளர்ந்த பிள்ளைகள் வாயைத் திறந்தே வைத்திருந்தனர். வாயால் மூச்சு விட்டனர். அவர்களுடைய பேச்சு அடைத்தாற்போல் ஒலித்தது. பலருக்குக் காது மந்தமாயிருந்தது. மேயர் பள்ளிப் பிள்ளைகளையும் சோதித்து இது அரிய நோயன்று என்று காட்டினார். அச்சதையை நீக்கும் சிறு அறுவை முறையையும் அமைத்தார்.

வாய் திறந்திருக்கின்றது, உறக்கத்தில் நீர் ஒழுகுகின்றது, அழைத்தால் உடனே திரும்புவதில்லை, சொல்வதெழுதுதலில் பிழை மலிகின்றது. இத்தகைய பிள்ளையை மந்தன் என்று ஒதுக்குவது எவ்வளவு எளிது! அவனுக்கு அறிவு குறைவன்று. செவிக்கு ஒலி சரியாக எட்டவில்லை. வகுப்பில் முன்வரிசையில் அமர்த்தி, மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்குச் சொல்லியனுப்பினால், ஒரு மாணவனின் எதிர்காலமே மாறக்கூடும்.

அறிந்து கொள்ளத்தக்கவை

மேலே கூறியவற்றுக்கு விலக்குகளும் உள்ளன. வாந்தி வருமுன் வாயில் நீர் உண்மையிலேயே பெருகும். இரைப்பையின் புளிப்பு மேலெழுந்தாலும் பெருகும். பூச்சிக்கொல்லி நஞ்சினுள் சில வகைகள் வாய்நீரைக் கொட்டச் செய்யும். அது உயிருக்கு இறுதி தரும் நிலை, உடனே மருத்துவமனை நாட வேண்டும். மனநோய்க்குத் தரப்படும் குளோசபின் என்னும் மருந்து உட்கொள்வோருக்கு இரவில் தலையணை நனைவது பலரறிந்த விளைவு. பிறருக்கு, உறக்கத்தில் மட்டும் ஒழுகுவது பெரும்பாலும் தீங்கற்றது. அதனை மட்டும் கொண்டு வயிற்றில் பூச்சி உண்டென்று முடிவு செய்தல் ஆகாது. ஆனால் பெரியவர் ஒருவருக்குப் பகலிலும் திடீரென ஒரு பக்கக் கடைவாய் ஒழுகி, முகம் கோணி, பேச்சுக் குழறினால், அது மூளைத்தாக்கின் அறிகுறியாகலாம். ஒரு நிமிடமும் தாழ்த்தலாகாது. உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் சேர்ந்திருந்தாலும் மருத்துவரைக் காண்பது நன்று.

உறக்கத்தில் ஊற்று மெலிகின்றது என்னும் செய்தியால் வேறொரு பயனும் உண்டு. வாய்நீர் பல்லைக் கழுவுகின்றது, புளிப்பை மாற்றுகின்றது, பல்லுக்குச் சுண்ணச் சத்தையும் தருகின்றது. இரவில் இக்காவல் இல்லை. படுக்கும்போது வாயில் தங்கிய இனிப்பு விடியும்வரை பல்லை அரித்துக்கொண்டிருக்கும். ஆதலின் இரவில் பல் துலக்குதல் காலையில் துலக்குவதைவிட இன்றியமையாதது. காலையில் வாய் நாறுவதும் இக்காவல் இன்மையால்தான்.

பழங்காலத்தார் அறிவில்லாதவர் அல்லர். அரிஸ்டாட்டிலினும் கூரிய அறிவுடையார் எத்தனை பேர்? வெளியே தெரிந்ததை அவர்கள் நன்கு பார்த்தனர். ஆனால் நிறைந்திருப்பதைக் கண்டபோதெல்லாம் வரவு மிகுந்தது என்றே எண்ணினர். செலவு நின்றிருக்கலாம் என்று எண்ணவில்லை. உறங்குவோரின் விழுங்குதலை ஒவ்வொன்றாக எண்ணிய பிறகே அந்தக் கணக்கு நேராயிற்று.

அச்சிறுவன் கன்னத்திலுள்ள கோடு சோம்பலின் அடையாளமன்று, அழுக்கின் அடையாளமன்று, அறிவுக் குறைவின் அடையாளமும் அன்று. இரவில் சற்றுநேரம் மடை மூடியிருந்தது என்பதற்கு மேல் அது எதையும் கூறவில்லை. முகங் கழுவிவர அவனை அனுப்பிவிட்டு, நகைத்தவனை எழுப்பி, ஊறுதலுக்கும் வழிதலுக்கும் வேறுபாடு யாதென்று கேட்கும் ஆசிரியர், அன்று இலக்கணத்தோடு அறிவியலையும் கற்பித்தவர் ஆவார்.